வத்ஹா குடிக்காத காபி

தல் ஸம்ராவில், ஷேக் மிஸ்லத்தின் விருந்தினர் கூடத்தில், வத்ஹா குடிக்காமல் கீழே வைத்த காபி பதின்மூன்று ஆண்டுகள் ஆறவில்லை. அவள் அதை வைத்த ஆண்டு ஃபுராத் ஆற்றில் தண்ணீர் குறைவு, பருத்தி விலை சரிவு, தலைநகரில் பழைய அரசாங்கம். அதன்பின் ஊரின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடிகள் ஏறின, இறங்கின. கிண்ணம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய ஒரே மகன் ராகான் பருத்தி லாரி ஓட்டிப் போனபோது பாலத்துச் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டான். லாரி திரும்பி வந்தது, பருத்தியும் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. என்ன குற்றம் என்று விசாரிக்கப் போன அவனுடைய சித்தப்பாவிடம், அப்படி யாரும் இங்கே இல்லை, கேட்கிற நீ யார் என்று பாதுகாப்புத் துறையின் கிளை அலுவலகத்தில் கேட்டார்கள். அவர் பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வத்ஹாவுக்குக் கணவன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊர் ஆண்கள் எல்லாம் கூடத்தில் அமர்ந்திருந்த நேரத்தில், அவள் செருப்பை வாசலில் கழற்றி, பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு ஹத்லாவிடம் சொல்லிவிட்டு, நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. ஆனால் வந்தவர் யாரென்று பார்த்துக் காபி ஊற்றும் வழக்கமும் அங்கே இல்லை. காபி ஊற்றும் ஹம்மாதி இடது கையில் கெண்டியும் வலது கையில் கிண்ணமுமாக வந்து ஊற்றினான். அவள் வாங்கி, வாயில் வைக்காமல், தன் முன்னால் விரிப்பின்மேல் வைத்தாள்.

குடிக்காமல் வைத்தால் வந்தவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரர் அது என்னவென்று கேட்க வேண்டும். முடியுமென்றால் ஒப்புக்கொள்ள வேண்டும், முடியாதென்றால் சபையறியச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் காபி. கேட்பதற்கு முன்பே வாக்குக் கொடுப்பது பெருந்தன்மைக்காரர்கள் செய்யும் தவறு. ஷேக் மிஸ்லத் பெருந்தன்மைக்காரர். போதாததற்கு அன்று எதிரே அரசாங்க அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். துணையில்லாத பெண், மாவு கேட்க வந்திருப்பாள், மிஞ்சிப் போனால் ஒரு பெட்டை ஆடு என்று ஷேக் நினைத்துக்கொண்டார். ராகானின் தாய் என்று மகன் பெயரைச் சொல்லி மரியாதையாக அழைத்தார்.

"காபியக் குடி, உம்மு ராகான். நீ கேட்டு வந்தது கெடச்சாச்சுன்னு வச்சுக்க."

"எம் புள்ளய வீட்டுக்குக் கொண்டு வாங்க, ஷேக்கு."

கைகளில் தஸ்பீஹ் ஜெபமணிகள் உருளும் சத்தம் நின்றது. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயைவிட்டு வந்த வார்த்தையை விழுங்க ஷேக்கின் குலத்தில் யாரும் பழகவில்லை. கொண்டு வருகிறேன், இப்போது குடி என்றார். வந்ததும் குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வத்ஹா எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கூடத்தைப் பெருக்க வந்த ஹம்மாதியால் கிண்ணத்தை எடுக்க முடியவில்லை. அது கனக்கவில்லை, வர மறுத்தது, அவ்வளவுதான். மறுநாள் ஆவி வந்தது. மறுமாதமும் வந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. அந்தக் கூடத்தில் மற்றவர்களுக்கு ஊற்றிய காபியெல்லாம் கெண்டி மூக்கிலிருந்து கிண்ணத்துக்கு இறங்குவதற்குள் கிணற்று நீர்போல் குளிர்ந்தது. ஆற்றின் இரு கரையிலும் வாய்க்கால் தகராறு, கல்யாணப் பேச்சு, ரத்தப் பகை எல்லாம் அங்கே சூடான காபி குடித்தால்தான் தீர்ந்ததாகக் கணக்கு. எதுவும் தீரவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் அசடு வழியத் திரும்பிப் போனார்கள்.

ஷேக் ஆடுகளையும் நெய்யையும் ஏற்றிக்கொண்டு தலைநகரத்துக்குப் போய், மூன்றாவது வாசல்வரை எட்டி, ஆடுகளும் நெய்யும் இல்லாமல் திரும்பினார். பிறகு ஒரு வைகறையில் அரசாங்கம் ஊரைவிட்டுப் போனது. துப்பாக்கி எடுத்த உள்ளூர்ப் பையன்கள் வந்தார்கள். கிண்ணத்தின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும், எனவே கூடத்தில் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அடுத்து வந்த கறுப்புக் கொடிக்காரர்கள் இது சூனியம் என்று தீர்ப்புச் சொல்லி அதைச் சுட்டார்கள். குண்டுகள் ஈச்சங்கொட்டைகளைப்போல் விரிப்பில் உதிர்ந்தன. சுற்றிலும் செங்கல் வைத்துக் கட்டினார்கள். செங்கல் வழியாக ஏலக்காய் மணம் வந்தது. அவர்களைத் துரத்த வந்த விமானங்கள் கூடத்தின் பாதிக் கூரையையும் செங்கல் கட்டையும் கொண்டுபோயின. அந்தக் குளிர்காலம் முழுக்க மழை கிண்ணத்தில் நேராக விழுந்தது. காபி நீர்க்கவில்லை, வழியவும் இல்லை.

வத்ஹா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து விரல் நுனியால் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஹத்லா வாசலிலேயே நின்றாள். ஹத்லாவின் மகனும் அதே பாலத்தில், வேறொரு கொடியின் கீழே இறக்கப்பட்டவன். காபி சூடாக இருப்பதால் ராகான் உயிரோடிருக்கிறான் என்று ஊரில் சொன்னார்கள். வத்ஹா அப்படிச் சொல்லவில்லை. ஷேக்கின் வாக்கு உயிரோடிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆடு கறக்கப் போனாள்.

பிறகு ஆற்றின் கிழக்குக் கரைக்கு ஒரு வல்லரசும் மேற்குக் கரைக்கு இன்னொன்றும் வந்து கூடாரம் போட்டன. தங்கள் வீரர்கள் சாகாமல் இருக்க இரு கரைக் குலங்களும் ஒரு போர்நிறுத்தத்துக்கு உடன்பட வேண்டுமென்று இரண்டுமே விரும்பின. பேச்சுவார்த்தைக்கு ஷேக்கின் கூடத்தைத் தவிர வேறு இடத்தை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வல்லரசின் தூதர் வந்தார். அரபு மொழியைப் புத்தகத்தில் படித்தவர், நல்ல மனிதர். எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்கள். காபி வந்தது, குளிர்ந்தது, குலத்தலைவர்கள் எழுந்துவிட்டார்கள். மறுமுறை தூதர் தேநீர் குடித்து முடித்துக்கொள்ளலாமே என்றார்.

"டீயக் குடிச்சுப் பண்ற சமாதானம் கிளாஸ் கழுவுற வரைக்கும்தான் ஐயா," என்றான் ஹம்மாதி. அன்று நண்பகல் தொழுகைப் பாங்குக்கு முன்பே மேற்குக் கரையில் பீரங்கி முழங்கியது. அவன் அப்போதுதான் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

அந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும் என்று தூதர் விசாரித்துத் தன் தலைநகருக்கு எழுதினார். அங்கே அமைச்சகங்கள் கூடிப் பேசின. கிண்ணத்தைத் தரையோடு பெயர்த்தெடுக்க முடியுமா என்று பொறியாளர்களைக் கேட்டார்கள். முடியவில்லை. கடைசியில், காணாமற்போனவர்கள் விவகாரம் அமைதி முயற்சியின் பிற்பட்ட கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளன் அதை வத்ஹாவுக்குப் படித்துக் காட்டினான்.

"அப்ப ஒங்க அமைதியும் பிற்பட்ட கட்டத்துலதான் வரும்னு அவர்ட்டச் சொல்லுப்பா," என்றாள் அவள்.

அவன் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தான். தூதர் எழுந்து நின்று அவளுக்குத் தலைவணங்கினார். பிறகு அவரை மாற்றிவிட்டார்கள்.

ஒரு குளிர்காலத்தில் தலைநகரில் பழைய அரசாங்கம் விழுந்தது, சிறைகள் திறந்தன. கதவுகளிலிருந்து வெளியே வந்தவர்களில் ராகான் இல்லை. தேடுவதற்கு ஷேக்கின் மகன்களை அனுப்பலாம் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். வாக்கு என் வாயிலிருந்து போனது, மகன் வாயிலிருந்தல்ல என்று ஷேக் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தாமே கிளம்பினார். அறை அறையாக, பிறகு மருத்துவமனை மருத்துவமனையாக, பிறகு மண்மேடு மண்மேடாகத் தேடினார். இங்கே வத்ஹா மகனுடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வசந்தத்தில், பார்லி பால் பிடிக்கும் நேரத்தில், ஒரு பிக்கப் வண்டி வந்து அவள் வாசலில் நின்றது. ஷேக் ஓட்டுநர் பக்கத்தில் இல்லை. பின்னால், வெள்ளைத் துணி மூட்டைக்குப் பக்கத்தில், அதன்மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நீர் இறைக்கும் எந்திரத்தின் பெல்ட் சிறுவயதில் ஒடித்து, கோணலாகக் கூடிய இடது கட்டைவிரலை வைத்து அடையாளம் கண்டிருந்தார்.

"கொண்டு வந்துட்டேன், உம்மு ராகான். இப்படித்தான் கெடச்சான்."

வத்ஹா துணியை விலக்கி அந்த விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

"வீட்டுக்குத்தான் கேட்டேன்," என்றாள். "வந்துட்டான்."

சுண்ணாம்பு அடித்த அறையில் அவனை ஒரு பகல் வைத்திருந்து, அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். துக்க நாட்கள் முடிந்த வெள்ளிக்கிழமை அவள் கூடத்துக்குப் போனாள். இரு கரைத் தலைவர்களும் புதிய அரசாங்கத்தின் பிரதிநிதியும் இரண்டு வல்லரசுகளின் தூதர்களும் முன்கூட்டியே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இன்று காபி சூடாக இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வத்ஹா குனிந்து ஒரு கையால் கிண்ணத்தை எடுத்தாள். அது உடனே வந்தது. குடித்தாள். உதடு சுட்டது. மகன் போன ஆண்டின் ஏலக்காய் அதில் அப்படியே இருந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

போதும் என்றால் வெறுங்கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் இன்னும் ஊற்ற வேண்டும். எல்லாரும் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிண்ணத்தை ஆட்டாமல் நீட்டினாள். ஹம்மாதி ஊற்றினான். ஆவி பறந்தது. அவள் அதைக் குடிக்காமல், பழைய இடத்திலேயே வைத்தாள்.

ஷேக் இந்தத் தடவை வாக்குக் கொடுப்பதற்கு முன் கேட்டார்.

"என்ன வேணும்?"

"ஹத்லாவோட புள்ள."

"எங் காலு ரெண்டும் போயிடுச்சே, உம்மு ராகான்."

"இவங்க காலெல்லாம் நல்லாத்தான இருக்கு," என்று வத்ஹா தூதர்களைக் காட்டினாள். அவர்கள் கையிலிருந்த காபி அதற்குள் குளிர்ந்துவிட்டது. வாசலில் செருப்புகளுக்குக் காவல் நின்ற ஹத்லா முதல்முறையாக உள்ளே வந்து, வத்ஹாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழக்குக் கரைத் தூதர் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பையனின் பெயர் என்ன, எந்தக் கொடியின் காலத்தில் போனான் என்று அவளிடம் கேட்டார்.

ஹத்லாவின் மகன் நடந்தே வந்தான், ஒரு காது கேட்காமல். வத்ஹா குடித்தாள், மற்றவர்கள் கையிலும் காபி சூடாக இருந்தது, அதற்குப் பிறகுதான் போர்நிறுத்தம் வந்தது. அது இன்றும் நிலைத்திருக்கிறது. அவனுக்குப் பிறகும் அந்த இடத்தில் கிண்ணம் காலியாக இருந்ததில்லை. வைக்கிற பெண்தான் மாறுகிறாள். சிலர் வண்டியில் வந்தார்கள், சிலர் துணியில் வந்தார்கள். தல் ஸம்ராவுக்கு இப்போது எந்தக் கொடியோடு யார் வந்தாலும், சாவடி போடுவதற்கு முன் கூடத்துக்கு வந்து, இந்தக் காபி யாருக்காக என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். சென்ற ஆண்டு கூடத்துக்குப் புதுக் கூரையும் புது விரிப்பும் போட்டார்கள். விரிப்பின் நடுவில், யாரும் சொல்லாமலே, ஒரு கிண்ணம் அமரும் அளவுக்கு வட்டமாக இடம் விட்டு நெய்திருந்தார்கள்.