ஸ்கெல்பி லாயத்தின் பன்னிரண்டாவது கதவு

1921 செப்டம்பர் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, யார்க்‌ஷயரில் உள்ள ஸ்கெல்பி மாளிகையின் குதிரை லாயத்தில், சுவரில் வரைந்திருந்த கதவு வழியாக ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை தலையை நீட்டித் தீனி கேட்டது. லாயத் தலைவன் ஏனோக் மெட்காஃப் ஒரு வாளி ஓட்ஸ் கொண்டுவந்து நீட்டினான். தின்று முடித்து வாளியை நக்கியது.

ஸ்கெல்பியில் மாளிகையைவிட லாயம்தான் அழகு. நடுவில் கல் பாவிய முற்றம், வாசலில் வளைவு, வளைவின் மேல் கடிகாரக் கோபுரம். வளைவுக்கு இடப்புறம் ஆறு கொட்டடிகள். வலப்புறம் ஐந்துதான், ஆறாவதன் இடத்தைப் பரண் படிக்கட்டு விழுங்கிவிட்டது. கட்டிய சிற்பிக்கு இந்தக் கோணல் பொறுக்கவில்லை. ஐந்தடி கனச் சுவரில் கல் நிலையைச் செதுக்கி, மற்றவற்றைப் போலவே மேல்பாதி கீழ்பாதியாக ஒரு மூடிய கதவை வரையச் சொன்னார். மற்றக் கதவுகளின் மேல் குதிரைப் பெயர் எழுதிய பலகை இருந்தது. இதன் மேல் வெற்றுப் பலகை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதற்குப் புது வர்ணம் அடிப்பது வழக்கம்.

1914 ஆகஸ்டில் ராணுவம் பதினொரு குதிரைகளையும் ஓட்டிப் போனது. போர் முடிந்ததும் அனுப்பிவிடுவோம் என்று அதிகாரி சொன்னதை ஏனோக் அப்படியே நம்பினான். போர் முடிந்து மூன்று வருடமாகியும் வாராவாரம் கொட்டடிகளில் புது வைக்கோல் பரப்பினான், காற்றாட மேல்கதவுகளைத் திறந்து வைத்தான். "லீவுல போயிருக்காங்க" என்பான் கேட்பவர்களிடம். ஊர் சிரித்தது. அப்பாவுக்குப் பின் எஜமானான சர் லயனல் சிரிக்கவில்லை. மோட்டார் கார் பிரியரான அவர், கார்களுக்கு இடம் வேண்டி மாதக் கடைசியில் லாயத்தை இடித்துவிட முடிவு செய்தார். இடித்துவிட்டால் என் குதிரைகள் எங்கே வந்து நிற்கும் என்பது ஒன்றே ஏனோக்கின் கவலை.

வேண்டாமென்று யாரும் சொல்லாததால் வர்ணக்காரன் பிக்கர்ஸ்கில் மட்டும் தன் முறைப்படி வந்தான். எல்லா மேல்கதவுகளும் திறந்திருக்க, இது மட்டும் ஏன் மூடியிருக்கிறது என்று, இதையும் திறந்த மாதிரியே வரைந்து உள்ளே கறுப்பு பூசினான். யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று வெற்றுப் பலகையில் சாக்கட்டியால் 'ஈரம்' என எழுதிவிட்டுப் போனான். மறுநாள்தான் குதிரை தலை நீட்டியது. ஊரார் பலகையைப் படித்து அதுதான் பெயர் என்று கொண்டார்கள். கூப்பிட்டால் அதுவும் காதை நிமிர்த்தியது.

மாதக் கடைசியில் கடப்பாரைகளோடு வந்த காண்டிராக்டர் கார்பட் குதிரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "குதிரை நிக்கிற லாயத்துல நான் கை வைக்க மாட்டேங்க. முதல்ல அதை வெளிய கூட்டிட்டு வாங்க."

சர் லயனல் சுவரின் மறுபுறம், படிக்கட்டுப் பக்கம் போய்த் தட்டிப் பார்த்தார். கெட்டிச் சுவர். குதிரை வெளியே வர, கீழ்க்கதவையும் திறந்ததாக வரையும்படி வர்ணக்காரனுக்கு உத்தரவானது. அத்தோடு லாயம் முடிந்தது என்று ஏனோக்குக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள தரையில வைக்கோல் போடவா, ஏனோக்?" என்றான் பிக்கர்ஸ்கில், தூரிகையைத் துடைத்தபடி.

"போடுப்பா. கஞ்சத்தனம் பண்ணாம போடு."

பதினொரு மணி அடித்தபோது ஈரம் வெளியே வந்தது. ஏனோக் கயிற்றை எடுத்தான். அதற்குள் பின்னால் இன்னொரு குளம்பொலி. வந்தது ராணுவம் ஓட்டிப் போன குதிரை பிரிகேடியர். அடுத்து ஜூனிப்பர். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்றும், முழங்கால் வரை வேற்றூர்ச் சேற்றோடு வெளியேறி, யாரும் பிடிக்காமலே தத்தம் பெயருக்குக் கீழே போய் நின்றன. நெட்டில் என்ற பெண்குதிரை மட்டும் போகிற போக்கில் சர் லயனலின் தோளைக் கடித்தது, அவருடைய பள்ளிக்கூட வயதில் கடித்த அதே இடத்தில்.

அவர் தோளைத் தேய்த்தார், சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். "இவ கொஞ்சமும் திருந்தலையே, மெட்காஃப்."

"இப்பத்தானேங்க வந்திருக்கா" என்றான் ஏனோக்.

கார்பட் கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வாளி தூக்கினார். ஈரம் தொட்டியில் குடித்தது, சுற்றிப் பார்த்தது, காலி இடம் இல்லாததால் வந்த வழியே சுவருக்குள் திரும்பிப் போனது. கார்களுக்கு மாட்டுக்கொட்டகை ஒதுக்கப்பட்டது.

1928இல் பிக்கர்ஸ்கில் மறுபடி வர்ணத்தோடு வந்தான். பலகையில் எச்சரிக்கை எழுதும் வேலை இம்முறை இல்லை, ஏற்கெனவே இருந்தது. ஏணியைச் சாய்த்தான்.

"தலையை இத்தனூண்டு உள்ள இழுத்துக்கம்மா, ஈரம்" என்றான். இழுத்துக்கொண்டது.