வெள்ளம் பார்க்கப் போனவர்

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆவுடைநாயகம் பிள்ளை மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா, ரிட்டயர்டு தாசில்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஜாதகம் பொருந்தியிருக்கிறது, நகையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நல்ல மனுஷர்தான். அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னதற்கு ஞானம்பாளால் கோபப்படக்கூட முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான். லூஸ் எண்ட்ஸ் எதுவும் இருக்கப்படாது. அத மட்டும் முடிச்சிருங்க. தையிலயே கல்யாணத்த வச்சிக்கிடலாம்."

கொழுந்தன் தில்லைநாயகம் எல்லாம் புரிந்தவனாகத் தலையாட்டினான். வந்தவர்கள் கிளம்பிப் போனதும் ஞானம்பாள் மகளிடம் அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்டாள். மதுமதி இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். தைத்து முடித்த துணியில் முடிச்சுப் போடாமல் தொங்குகிற நூல் நுனி என்றாள். வேலையில் பாதியில் நிற்கிற சில்லறை விஷயங்களையும் அப்படிச் சொல்வார்களாம். கதையில் ஒரு ஆள் வந்து, கடைசிவரை அவன் என்ன ஆனான் என்று எழுதாமல் விட்டுவிட்டால் அதற்கும் அதே பேர்தானாம். இதைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ அந்த நுனி ஒங்க அப்பாதானா?" என்றாள் ஞானம்பாள்.

மகேஸ்வரன் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் போனவர். ஆற்றில் தண்ணீர் பெருகினால் திருநெல்வேலிக்காரனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தேரோட்டத்துக்குப் போகிற மாதிரி குடையைப் பிடித்துக்கொண்டு குறுக்குத்துறைக்குக் கிளம்பிவிடுவான். அவரும் அப்படித்தான், பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர்கள் நின்ற கரையையே ஆறு கொண்டுபோய்விட்டது. தில்லைநாயகம் ஆற்றோடு கீழே ஏரல் வரைக்கும் அலைந்தான். ஒதுங்கிய ஒவ்வொரு உடலாகத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து அதில் அண்ணன் இல்லை என்பான். ஞானம்பாள் உடனே சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். இல்லை என்ற சொல்லைப் போல நல்ல சொல் அப்போது அவளுக்கு வேறு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் குங்குமச் சிமிழ் அவள் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கும். நீட்டலாமா, கூடாதா? சிமிழ் வைத்திருப்பவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? ஞானம்பாளே எடுத்து வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். பைய அவள் எங்கேயும் போவதை நிறுத்திவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா? தனக்கு வந்தது தன்னோடு போகட்டும் என்று இருந்தாள். ஆனால் மதுமதிக்கு வந்த நல்ல வரன்களும், தகப்பனார் பேரைப் பத்திரிகையில் எப்படிப் போடுவது என்ற கேள்வியிலேயே தட்டிப்போயின.

அப்பாவை எரித்துவிட்டுத்தான் கல்யாணம் என்றால் தனக்கு அது வேண்டாம் என்றாள் மதுமதி. அழவில்லை. சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்த ஞானம்பாள், தில்லைநாயகத்தைக் கூப்பிட்டாள்.

"முடிச்சிருவோம் தம்பி. அவுகளுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருங்க."

இத்தனை வருஷம் ஆற்றால் முடியாததைத் தன் வாயே செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் கட்டி எரிப்பது வழக்கம். ஐயர் பின்கட்டில் உட்கார்ந்து தலை, கை, கால் என்று கட்டி முடித்தார். தில்லைநாயகம் அண்ணனின் வேட்டியை அதற்குச் சுற்றினான். ஞானம்பாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவுக இன்னும் ஒசரம்," என்றாள்.

சாஸ்திரத்துக்கு இது போதும் என்றார் ஐயர். விட்டுவிடச் சொல்லித் தில்லைநாயகமும் கெஞ்சினான். அவள் அசையவில்லை. அடுக்களை நிலை தலையில் இடிக்கும் என்று மனுஷர் குனிந்துதான் வருவார், இந்த உருவம் நிமிர்ந்தே போய்விடுமே என்றாள். ஐயர் காலைப் பிரித்து, இன்னும் ஒரு கட்டுப் புல் வைத்து நீட்டிக் கட்டினார்.

ஆண்கள் ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகுமுன் வீட்டுப் பெண்கள் வாய்க்கரிசி போட வேண்டும். முதலில் பெண்டாட்டி. ஞானம்பாள் அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"வாய் எங்கன இருக்கு?"

மேல் முடிச்சுக்குக் கீழே எங்கேயாவது போடுங்கள் அம்மா என்றார் ஐயர். போட்டாள். அரிசி புல்லுக்குள் தங்காமல் இறங்கித் தரையில் சிதறியது. அதைப் பொறுக்கி எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் சிதறியது. கீழே விழுந்ததை விடுங்கள் மதினி என்று தில்லைநாயகம் சொன்னது அவள் காதில் விழவில்லை. மூன்றாவது முறை அவள் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மதுமதி வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். புல்லின் கழுத்தை லேசாகத் தூக்கி, அதற்கு அடியில் தன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள்.

ஞானம்பாள் அரிசியைப் போட்டாள். அது புல்லுக்குள் இறங்கி, சத்தமில்லாமல் மகளின் கைக்குள் விழுந்துகொண்டிருந்தது.