இருபத்தேழாம் கம்பம்

கிழக்கு வெளுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தெருவின் நடுவே கோட்டக்கா முட்டி போட்டு, தண்டவாளத்தை ஒட்டி ஓடும் இரண்டு விரல் அகலப் பள்ளத்துக்குள் கொக்கியை விட்டு இழுத்தாள். ஈர மண்ணும் பாட்டில் மூடியும் உருண்டு வந்தன. இரும்பின் குளிர் கையுறைக் கிழிசல் வழியாக விரலில் ஏறியது. அள்ளி வாளியில் போட்டாள். முட்டியை நகர்த்தினாள். மறுபடி கொக்கி.

டிராம் வண்டியின் சக்கர விளிம்பு இந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடும். பட்டாணி அளவு கல் கிடந்தால் வண்டி துள்ளும். ஒரு திருகாணி கிடந்தால் தடம் புரளும். அதனால் முதல் வண்டி கிளம்புமுன் பழைய மில் வாசலிலிருந்து சந்தை வரை நாற்பது மின்கம்ப தூரத்துக்கும் பள்ளத்தைத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு கம்பம் முடிந்ததும் அதன் அடியில் சாக்கட்டியால் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் டிரைவர் வேகம் எடுப்பார். பன்னிரண்டு வருஷமாகக் கோடு போடுகிறவள் இவள்தான். கோட்டக்காவின் நிஜப் பெயரைக் கேட்டால் அவள் பிள்ளைகளே யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஒவ்வொரு கோட்டுக்கும் அவள் வாய்க்குள் ஒரு வேண்டுதல் உண்டு. "ஆண்டவனே, வர்றவங்களைப் பத்திரமா வீடு சேர்த்துடு." சாக்கட்டி தரையில் தேயும் நேரமும் வேண்டுதலும் ஒரே அளவாக இருக்கும்.

"அக்கா, இன்னைக்கு என்ன தேறிச்சு?" எதிர்த் தண்டவாளத்திலிருந்து நெட்டையன் கேட்டான்.

"ரெண்டு ஆணி, ஒரு பட்டன், யாரோட கம்மலோ ஒண்ணு."

"கம்மலைக் குடு. ஒத்தைக் காதுல மாட்டிக்கிறேன். வீட்டுக்காரி இன்னும் மரியாதையா நடத்துவா."

வாளி தூக்கிக்கொண்டிருந்த மருமகள் சிரித்தாள். அவளுடைய மாமியார் இதே கூட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அதனால் இங்கே எல்லோருக்கும் அவள் மருமகள். சிரிப்பு நின்றதும் தெரு மறுபடி வெறிச்சென்று ஆனது. அந்த வெறுமைக்கு யாருடைய குரல் குறைகிறது என்று மூவருக்கும் தெரியும்.

முன்பு ஆறு பேர் இருந்தார்கள். கான்ட்ராக்டர் முதலில் நாலாக்கினார். அதே நாற்பது கம்பம், அதே நேரம், கூலி மட்டும் கொஞ்சம் கீழே. சிவப்புக் கொடி பிடித்துக் காவல் நின்றவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவன் ரேடியோ. ஊர்ச் செய்தி, உலகச் செய்தி, பக்கத்து வீட்டுச் செய்தி எல்லாம் அவன் வாயிலிருந்து ஒலிபரப்பாகும்.

ஒன்பது நாளுக்கு முன்பு, இருபத்தேழாம் கம்பத்து வளைவுக்கு வந்தபோதே நேரம் ஓடியிருந்தது. மோட்டார் சைக்கிளில் கான்ட்ராக்டர் வந்தார். "முதல்ல கோட்டைப் போடு. அப்புறம் தோண்டு. வண்டி தாமதமானா அபராதம் எனக்கு" என்றார். கோட்டக்கா போட்டாள். ஐந்தே நிமிஷத்தில் தோண்டிவிடலாம் என்று நினைத்தாள். அன்று அவள் வேண்டுதலைச் சொல்லவில்லை. தோண்டாத பள்ளத்தின் மேல் நின்றுகொண்டு எதைச் சொல்வது?

அவளுக்குக் கை கொடுக்க ரேடியோ கொடியைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியை எடுத்தான். கோட்டை நம்பி வேகமாக வந்த வண்டி வளைவில் துள்ளித் தடம் புரண்டு அவனை இடித்தது. பள்ளத்தில் கிடந்தது ஒரே ஒரு திருகாணி. ரேடியோவின் இடுப்பெலும்பு முறிந்தது.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தார். நாலு பேர் மூன்று பேர் ஆனார்கள். இவர்கள் போக்குவரத்து ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனார்கள். கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றது ஆபீஸ். ஆபீசைக் கேளுங்கள் என்றார் கான்ட்ராக்டர். மூன்று முறை நடந்தார்கள். மூன்றாம் முறை மனுவை வாங்கியவர் அதன் மேலேயே டீ கிளாசை வைத்தார்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் கோட்டக்கா அழுதபோது ரேடியோ சொன்னான். "கோடு போட்டது நீதான். போடச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதா? அழாதே அக்கா. நீ அழுதா நர்ஸம்மா என்னைத்தான் திட்டும்." அவன் அப்படிச் சொல்லாமல் நாலு வார்த்தை வைதிருந்தால் அவள் இன்றும் பேசாமல் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பாளோ என்னவோ. மன்னிப்புக்குத்தான் மனிதரை அப்படி நிமிர்த்துகிற பலம் இருக்கிறது.

அங்கிருந்து நேரே டிப்போவுக்குப் போய், முதல் வண்டி ஓட்டும் டிரைவரிடம் உள்ளதைச் சொன்னாள். குளிர்நாளில் இவர்களுக்கென்று பிளாஸ்க் நிறைய டீ கொண்டுவந்து, வண்டியை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கோட்டை நம்பித்தானேம்மா நான் பிரேக்குலேருந்து கையை எடுக்கிறேன்" என்றார். "இனிமே பொய்க்கோடு போட மாட்டேண்ணே" என்றாள்.

அது சுலபமான வாக்கு இல்லை. மில் மூடியபோது அவள் கணவனுக்கு வேலை போனது. பதினோரு வருஷம் அந்தத் தெருவில் ஷட்டர்கள் துருப்பிடித்தன. பிறகு டிராம் வந்தது. மில் கட்டடத்தில் கல்லூரி வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடை முளைத்தது. தையல் மிஷினும் மின்விசிறியும் பழுது பார்க்க, சந்தை நிறுத்தத்தில் அவள் கணவன் ஒரு தட்டுக்கடை போட்டான். வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிய ஆரம்பித்தது அதன் பிறகுதான். நிறுத்தத்துப் பலகையில், "இந்தப் பாதை நம் ஊரை மீட்டது" என்று எழுதியிருக்கிறது. அது பொய்யில்லை. பாதை போட அத்தனை கோடி கொட்டியவர்கள், அதைத் தினமும் தோண்ட ஆறு பேர் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நேற்றுச் சாயந்திரம் கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். "நீ கோடு போடலேன்னா வண்டி வராது. வண்டி வராட்டி என் கடைக்கு யார் வருவா? திரும்பவும் பழைய நிலைமைக்கே போகணுமா?"

"ரேடியோ மாதிரி இன்னொருத்தன் படுக்கணுமா?"

"எனக்கு மட்டும் அவன் வேண்டாதவனா? கோபத்தை எங்கே காட்டுறதுன்னு தெரியாம உங்கிட்ட காட்டுறேன். விடு."

இன்று இருபத்தாறாம் கம்பத்தில் கோடு போட்டு நிமிர்ந்தபோது, தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. முதல் வண்டி. இருபத்தேழாம் கம்பத்து வளைவில் மண் அப்படியே கிடந்தது. கோட்டக்கா சாக்கட்டியை முந்தானையில் முடிந்தாள்.

வண்டி வந்து, வெள்ளைக் கோடு முடிந்த இடத்தில் நின்றது. கான்ட்ராக்டரின் மோட்டார் சைக்கிள் பின்னாலேயே வந்தது.

"என்ன கூத்து இது?"

"வளைவு இன்னும் தோண்டலைங்க."

"கோட்டைப் போடு. மெதுவா போய்க்குவான்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அது அவன் கவனக்குறைவு. எழுதிக் குடுத்தாச்சு."

"எழுதினது நீங்க. கோடு போட்டது நான். தோண்டாத இடத்துல போட்டேன்னு ஆபீஸ்ல வந்து சொல்லப் போறேன். போடச் சொன்னது யாருன்னும் சேர்த்து."

"சொல்லு. அன்னைக்கே உன் வேலை போச்சு."

"போகட்டும்" என்றாள். நெட்டையனும் மருமகளும் கொக்கியோடு வந்து அவள் இரு பக்கமும் நின்றார்கள். "அப்ப மூணு பேர் கணக்குல எழுதிக்கோங்க சார்" என்றான் நெட்டையன்.

கான்ட்ராக்டர் பயணிகள் பக்கம் திரும்பினார். "பாருங்க, இந்த வண்டியாலதான் இந்த ஊருக்கே உசிர் வந்துச்சு. இவங்க மூணு பேரும் ஊர் வயித்துல அடிக்கிறாங்க!"

"நியாயமெல்லாம் சாயந்திரம் பேசுங்கப்பா. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று ஜன்னல் வழியாக ஒருவர் கத்தினார்.

இரவு டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் ஒருத்தி படியிலிருந்து கேட்டாள். "ஊருக்கு உசிர் குடுத்த வண்டிக்கு மூணு ஆள் கூடப் போட உங்களுக்கு மனசு வரலையா சார்? இடுப்பு உடைஞ்ச ஆளை நான்தான் புரட்டிப் படுக்க வைக்கிறேன்."

டிரைவர் பிளாஸ்க்கோடு இறங்கி வந்தார். "கோடு இல்லாம வண்டி நகராது."

"நாளைக்கே வேற ஆள் கொண்டு வரேன். கேட்ட இடத்துல கோடு போடுவான்."

"வரட்டும். அவன் போடுற கோட்டையும் நான் இறங்கி, பள்ளத்துல விரல் விட்டுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன். கம்பத்துக்குக் கம்பம். நான் மட்டும் இல்ல, டிப்போவுல பேசியாச்சு. பதினாலு டிரைவரும்."

கான்ட்ராக்டர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மூவரும் வளைவில் முட்டி போட்டார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோட்டக்காவின் கணவன் இறங்கினான். தினமும் இதே வண்டியில்தான் கடைக்குப் போவான். கருவிப் பெட்டியைக் கம்பத்தடியில் வைத்தான். வாளிகளோடு கிடந்த சிவப்புக் கொடியை எடுத்து உதறினான்.

"ரேடியோ எங்கே நிப்பான்?"

அவள் தலையால் காட்டினாள். போய் நின்றான். "நான் சீக்கிரம் கடை திறக்கணும். வேகமா தோண்டுங்க" என்று எரிச்சலோடு சொன்னான். கொடியை மட்டும் தாழ்த்தவில்லை.

வளைவிலிருந்து வந்தது ஒரு கைப்பிடிச் சரளை, ஒரு உடைந்த சாவி. எட்டிப் பார்த்த கான்ட்ராக்டர் சிரித்தார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"இவ்வளவுதான்னு தோண்டினதாலதானே சார் தெரிஞ்சுது" என்றாள் மருமகள்.

அவர் மூவருடைய பெயரையும் போனில் உரக்கச் சொன்னார். டிரைவருடைய பெயரையும் சொன்னார். நாளைக்கு யாருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு டிரைவர்களும் இவர்களுமாகச் சேர்ந்து, ஆறு பேர் வேண்டும் என்று ஆபீசுக்குப் போவதாகப் பேச்சு. அங்கே இன்னொரு டீ கிளாஸ் காத்திருக்கலாம்.

இன்னும் பதிமூன்று கம்பம் பாக்கி இருந்தது. ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று கத்தியவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, ஒரு வாளியைத் தூக்கினார். நர்ஸ் இன்னொன்றை. வண்டி அவர்கள் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் உருண்டு வரத் தயாராக நின்றது.

கோட்டக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இருபத்தேழாம் கம்பத்தடியில் குனிந்து, சாக்கட்டியை அழுத்தி இழுத்தாள். அந்த வேண்டுதலை முதல் தடவையாக எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஆண்டவனே, வர்றவங்களைப் பத்திரமா வீடு சேர்த்துடு."

டிரைவர் ஏறி மணியடித்தார். முன்னால் கொடி நடந்தது.