பல் உடைந்த உளி

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் பிலிப் என்னைத் திட்டியதெல்லாம் அந்த மரப்பெட்டியால்தான். ரம்பத்தை ஈரக்கையால் தொட்டால் திட்டு. உளியை முனை கீழே வரும்படி வைத்தால் திட்டு.

அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் வாத்தியார்கள். வேலை சாக்பீஸோடு, காதல் மட்டும் உளி, ரம்பம், இழைப்புளியோடு. தாத்தா வாங்கியதை அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்தார், அவருக்கப்புறம் இவர் துடைத்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது என் தையல் மெஷினுக்கு இடமில்லை, பெட்டிக்கு மட்டும் ஹாலில் ராஜமரியாதை. எனக்கு வயிறு எரிந்தது.

மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் காலும் திரும்பிவிட்டன. வலது கை தூக்க வந்தது, விரல்கள் மட்டும் மடங்கவில்லை. ஆறு மாதத்துக்குள் பழக்கினால்தான் உண்டு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நான்கு மாதம் ஓடிப்போயிற்று. பிசியோதெரபிக்கு வரும் கீர்த்தி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். அவள் படியிறங்கியதும் பந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். கெஞ்சினேன், கத்தினேன். “சரி வெரோ” என்பார். அந்தச் சரியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதற்கும் சரி சொல்கிற மனுஷனா இவர்? பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவருடைய புரோட்டீன் பவுடர் டப்பா திறப்பேனா என்றது. ஸ்பூன் வளைந்தது, நகம் உடைந்தது. ஆத்திரத்தில் பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட உளியை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். மூடி கழன்றது. கூடவே உளியின் முனையிலிருந்து ஒரு சில்லும் தெறித்து சிங்க்கில் விழுந்தது.

“வெரோனிகா. இன்னா பண்ணி வெச்சிருக்க?”

சமையலறை வாசலில் நின்றிருந்தார். கோபம் வந்தால் அவருக்கு வாத்தியார் தமிழ் போய், பிறந்து வளர்ந்த சாந்தோம் தமிழ் வந்துவிடும்.

“மூடி தொறக்கலைங்க, அதான்.”

“எங்க தாத்தா உளி அது. அதுல டப்பா தொறக்கறியே, அறிவு கீதா உனக்கு? கல்ல எடு.”

தீட்டுக்கல்லை மேஜையில் வைத்து எண்ணெய் விட்டேன். இடது கையால் மட்டும் தீட்டப் பார்த்தார். உளி வழுக்கிக்கொண்டே போயிற்று. வலது கையைத் தூக்கி உளி மேல் போட்டார், விரல் மடங்கவில்லை. நான் அதன் மேல் என் கையை வைத்து மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“சாய்க்காத. கோணலா போவுது பாரு. எங்கம்மா இதுல மண்ணெண்ணெய் டின்ன தொறந்தாங்க. பாட்டி நுங்கு சீவுனாங்க. இது பாதியா தேஞ்சதே பொம்பளைங்க உங்களாலதான்.”

மாமியார் மேல் அன்று வந்த பாசம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. மத்தியானம் வரை திட்டினார். திட்டத் திட்ட என் கைக்கு அடியில் அவருடைய சுண்டுவிரல் தானாக இறுகுவது எனக்குத் தெரிந்தது. சத்தம் காட்டாமல் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் மறுபடியும் பந்து சோபாவுக்கு அடியில். “சரி வெரோ.”

திங்கட்கிழமை காலை நானே பெட்டியிலிருந்து இன்னொரு உளியை எடுத்துப் போய், இரும்புக் கடாய் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டேன். சத்தம் கேட்டு வந்தார்.

“இன்னிக்கு இன்னாத்த தொறந்த?”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

“ஒண்ணுத்தையும் தொறக்கல. வேணும்னுதான் ஒடைச்சேன். இன்னும் ரெண்டு மாசந்தாங்க இருக்கு. எனக்கு உங்க கை வேணும்.”

உளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மேஜைக்குப் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வலது கையைத் தூக்கிக் கல்லின் பக்கத்தில் வைத்தார்.

“பெட்டில கீற எல்லா உளியும் எடுத்துனு வா,” என்றார். “ஒடைக்காம எடுத்துனு வா.”