ஒருக்களித்த கதவு

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் அது. மாடியில் ஒரே நீள அறை. முன்பல் வேலைக்கு வெளிச்சம் முக்கியம் என்பதால் அது ஜன்னலோர மேசையில் நடக்கும். கடைவாய்ப் பல் வேலையெல்லாம் உள்பக்கம், டியூப்லைட்டுக்குக் கீழே. ஜன்னல் மேசைக்காரர் ஓய்வுபெற்றதும் அந்த இடம் தனக்குத்தான் என்று அக்கா நினைத்திருந்தாள். அதில் தப்பும் இல்லை. இருக்கிறவர்களில் அனுபவம் கூடிய கை அவளுடையது. தங்கையை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

அதுதான் வினையாயிற்று. முதலாளி டீ கிளாஸோடு தங்கையின் மேசைப் பக்கம் நிற்க ஆரம்பித்தார். கணக்கெழுதுகிறவர் பென்சில் கேட்டு வந்தார். அச்சுப் பெட்டி கொண்டுவருகிறவர் பெட்டியை வைத்த பிறகும் போக மனமில்லாமல் நின்றார். தங்கை யாரையும் கூப்பிடவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

அவள் சிரிக்கும்போதெல்லாம் அக்காவின் மனசில் ஒரு படம் வரும். ஒரு வீடு. வாசலில் இரட்டைக் கதவு, பளிச்சென்று வெள்ளை. கதவுகளுக்கு நடுவே சின்னச் சந்து. உள்ளே விளக்கு எரிகிறது, பேச்சுச் சத்தம் கேட்கிறது. மற்றவர்கள் அந்தச் சந்து வழியாகச் சுலபமாக நுழைந்து போகிறார்கள். இவள் போனால் மட்டும் தோள் இடிக்கிறது.

கணவரிடம் ஒருநாள் சொன்னாள். "எந்த வீடுன்னே தெரியலைங்க. ஆனா கண்ணை மூடினா வந்து நிக்குது."

"தண்ணி வராத வீட்டுல இருந்தா வேற வீடுதான் கண்ணுக்குத் தெரியும்," என்று அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

அவளுக்கு அது சகுனமாகப் பட்டது. தங்கை எங்கேயோ புகுந்துவிடப் போகிறாள், தான் வெளியே நிற்கப் போகிறோம் என்று வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் செய்தி வாசிக்கும் பெண் ஒருவருக்குப் பல் செய்ய வேண்டி வந்தது. மாடிப்படியில் விழுந்து, மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் போய்விட்டன. விழுவதற்கு முன்பு எடுத்த போட்டோவை டாக்டர் அனுப்பியிருந்தார். முதலாளி அச்சில் இரண்டு பிரதி எடுத்து அக்காவுக்கும் தங்கைக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

"மெழுகுல செதுக்குங்க. எது அந்தம்மா வாய்க்குப் பொருந்துதோ, அதைச் செஞ்சவங்களுக்கு ஜன்னல் மேசை. அப்புறம் என்கிட்ட யாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அக்கா போட்டோவை ஒருமுறை பார்த்துக் கவிழ்த்து வைத்தாள். எதிர் மேசையில் தங்கை யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கட்டும் என்று அக்கா கத்தியைச் சூடு காட்டினாள். அன்றைக்குப் போல அவளுக்கு வேலை ஓடியதே இல்லை. யோசிப்பதற்கு முன்பே கை செதுக்கிற்று.

முடித்த வேலையைத் தலைகீழாகப் பிடித்துக் கண்ணாடியில் பார்ப்பது அங்கே வழக்கம். நேராகப் பார்த்தால் சொந்தக் கண் சொந்தக் கைக்குச் சலுகை காட்டிவிடும். முதலாளி தங்கையுடையதைப் பார்த்தார், தலையாட்டினார். அக்காவுடையதை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"உசுரோட இருக்கும்மா. வேலைன்னா இதுதான் வேலை," என்றார். பிறகு போட்டோவை நிமிர்த்தினார். "ஆனா இந்தம்மாவுக்குப் பல்லு நெருக்கமால்ல இருக்கு? நடுவுல எதுக்குச் சந்து விட்டே? இது யாரு பல்லு?"

தங்கையின் நாக்கு தன் முன்பற்களின் இடைவெளியைத் தொட்டுப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு இருக்கும் இடைவெளி. அந்த வாயையே அக்கா பார்த்தாள். வெள்ளையாக இரண்டு, நடுவே ஒரு சந்து. இத்தனை நாளும் எந்த வீட்டு வாசலில் தோள் இடிபட்டு நின்றோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் சுட்டது.

"ஒரு சொட்டு மெழுகு வெச்சா அடைஞ்சிடும்க்கா," என்றாள் தங்கை மெதுவாக. "சார், அக்காவுக்கு இன்னொரு தடவை குடுங்க."

"நீ எனக்குச் சிபாரிசு பண்ணாதடி," என்றாள் அக்கா. பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "மேசையை அவளுக்கே குடுங்க சார். இப்ப நான் அங்க உக்காந்தா வர்றவங்க எல்லாருக்கும் இவ பல்லைத்தான் வெச்சு அனுப்புவேன்."

முதலாளி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அக்கா தன் கத்திகளைத் துடைத்துத் துணியில் சுற்றினாள்.

"எத்தனை நாளைக்குக்கா?"

"நீ சிரிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஆகற வரைக்கும். அன்னிக்கு எழுந்து இடத்தைக் குடுக்கணும், சொல்லிட்டேன். அதுவரைக்கும் கடைவாய்ப் பல்லே போதும். அதைக் காட்டி யாரும் சிரிக்க மாட்டாங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்தினாள்.

"கையை எடு," என்றாள் அக்கா, டியூப்லைட் பக்கம் நடந்தபடியே. "மறைச்சா இன்னும் எரியுது."