படி இல்லாத பள்ளம்

பொம்மை ரயில் பிரியர்களின் சங்கத்தில், குட்டி ரயில்கள் ஓடும் மேசைமேல், தையல்காரர் ஒருவர் மூன்று மாதம் மெனக்கெட்டு ஓர் இன்ஜின் பணிமனையை அமைத்தார். கட்டைவிரல் உயரத்தில் டீசல் பம்பு, பக்கத்தில் மணல் தொட்டி, தண்டவாளத்துக்கு நடுவே ஆட்கள் இறங்கி இன்ஜினின் அடிப்பகுதியைப் பார்க்க ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் விளக்குகூட எரிந்தது. சங்கத்து நண்பர்கள் பிரமாதம் என்றார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் மனைவி நிஜமான ரயில் பணிமனையில் ஃபிட்டர். "நாள் முழுக்க இன்ஜினோட மல்லுக்கட்டிட்டு, லீவு நாள்லயும் அதையேவா பார்க்கறது?" என்று சங்கத்துப் பக்கமே வராதவள், அன்று அவர் கெஞ்சியதால் வந்தாள். குனிந்து பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏங்க, உள்ள இறங்கினவன் எப்படி மேல வருவான்? படியே இல்லையே!"

அவர் முகம் சுண்டிப்போனது. "இத்தனை பேர் பார்த்தாங்க, யாரும் சொல்லலையே."

"அவங்க யாரும் பள்ளத்துல இறங்கினதில்லையே."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். பள்ளத்தின் இரு முனையிலும் நான்கு நான்கு படிகளை ஒட்டினாள். அப்புறம் ஸ்பானர் மாட்டும் பலகை, கை கழுவக் குழாய் என்று வேலை ஏறிக்கொண்டே போனது. அவர் பக்கத்தில் நின்று பசை எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"பசை காயட்டும், இருங்க," என்றாள் அவள், நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு.