ஆறாம் நம்பர் மெஷினில் நான் எதுவும் செய்யவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இரண்டு பக்கப் பாடம் ஒன்று எழுதித் தரச் சொன்னார் எங்கள் பயிற்சி நிலைய மேலாளர். "கோளாறு வந்தால் பதறாமல் யோசிப்பது எப்படி" என்று தலைப்பும் அவரே கொடுத்தார். எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் என் மகள் வந்துவிட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். பாருங்கள், மறுபடியும் வந்து நிற்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "வகுப்பில் பத்து கம்ப்யூட்டர்கள். தினமும் ஒவ்வொன்றிலும் நானே ஒரு கோளாறு செய்துவைப்பேன்..."

(சப்பென்று இருக்கிறது. ஆனால் பொய்யில்லை, இருக்கட்டும்.)

ஒன்றில் கேபிளைத் தளர்த்துவேன். இன்னொன்றில் மெமரியைப் பாதி பிடுங்கி வைப்பேன். மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், செய்ததை உடனே நோட்டில் எழுது.

3

கதைக்கு ஓர் ஆள் வேண்டுமே. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகுவலி படுத்தியதால் ஐம்பது வயதில் தொழில் மாற வந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். (முதலில் அவருக்கு இறந்துபோன மனைவி ஒருத்தியைக் கொடுத்திருந்தேன். அது என்னுடையது என்பதால் திரும்ப எடுத்துக்கொண்டேன்.)

அன்று அவருக்கு ஆறாம் நம்பர் மெஷின். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. கேபிளை மாற்றினார், எழுதினார். மெமரியைக் கழற்றி மாட்டினார், எழுதினார். திரையை மாற்றினார், அதையும் எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து நோட்டை மூடிவிட்டு, மெஷினை விட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சார், போதும். இதுல என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு சொல்லிடுங்க."

"அண்ணே, அதுல நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா கெட்டுப்போயிருக்கு."

அவர் நம்பவில்லை. அவர்மேல் தப்பில்லை. விடை எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும் என்று இரண்டு மாதமாகப் பழக்கியவன் நான்தான்.*

"அப்போ யாருக்குமே தெரியாதா?" என்றார்.

* வெளியே யாரும் நமக்காகக் கோளாறு செய்துவைப்பதில்லை. வந்தால் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். பாடத்தின் முதல் வரியாக இதைப் போட்டிருக்க வேண்டும்.

4

மகள் ஏழு மாதமாக என்னோடு பேசுவதில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியும், வேண்டுமென்றே மறைத்து என்னைத் தேடவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியாகக் கிளம்பும்போது அவள் முகம் —

[இந்த வாக்கியம் வரவில்லை.]

நான் செய்ததைக் கேட்டால் என் மாணவர்களே தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் தினமும் போன் செய்தேன், கடிதம் போட்டேன், துணிமணி வாங்கி அனுப்பினேன், அவள் சித்தியைத் தூது விட்டேன். "சாப்டீங்களாப்பா" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு மறுபடி மௌனம். எது அவளைப் பேசவைத்தது, எது வாயை மூடவைத்தது? தெரியாது. நாலையும் ஒன்றாகச் செய்து நானே குழப்பிவிட்டேன். வீட்டில் கேட்க ஆளில்லை. தனியாக இருக்கிறேன். இதை நாசூக்காகச் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை.

5

முடிவுகள். ஒன்று: மறுநாள் மெஷின் தானாக உயிர்பெறுகிறது. (நடக்கக்கூடியதுதான், கதையில் சொன்னால் அடிக்க வருவீர்கள்.) இரண்டு: மகள் வாசலில் வந்து நிற்கிறாள். (சினிமா.)

மூன்றாவதுதான் நடந்தது. வகுப்பு முடியும்வரை மெஷின் எழவில்லை. யாருக்கும் தெரியாதுதான், ஆனால் எதெல்லாம் காரணமில்லை என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்களே, நாளை அங்கிருந்து தொடங்கலாம் என்று டிரைவரண்ணனிடம் சொன்னேன். அவர் மூடிய நோட்டைத் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக் கேட்டார்.

"சரி, நாளைக்கு எதை மாத்திப் பாக்கலாம்?"

அவர் போனபின் மகளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். "என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. உனக்கும் சரியாத் தெரியலைன்னாலும் பரவாயில்ல." போன் செய்யவில்லை. சித்தியிடம் மூச்சுவிடவில்லை. ஒன்றை மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது எப்படி என்ற பகுதியை மட்டும் பாடத்தில் எழுத எனக்கு வரவில்லை. இன்று நான்காம் நாள்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அவள் பதில் போட்டாளா இல்லையா என்று நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் நம்பிவிடுவேன்.